நிலக்கீழ் தளத்தில் மலசலகூடமா? முதலில் குழாயைப் பாருங்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு பேர்ச் காணி என்ன விலை போகிறது என்பதை வர்த்தகச் சகோதரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவேதான் நிலக்கீழ் தளத்தைக் களஞ்சியமாகவும் காரியாலயமாகவும் பாவிக்கின்றோம். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடம், வுழூச் செய்ய இரண்டு குழாய் என்பது நியாயமான தேவை. ஆனால் டைல்ஸ் தெரிவு செய்வதில் காட்டும் அக்கறையில் கால்வாசியையாவது கழிவுக் குழாயில் காட்டுகிறோமா?

கொழும்பின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், பிரித்தானியர் காலத்தில் போடப்பட்டவை. வீதிக் குழாய் உங்கள் தளத்தைவிட உயரத்தில் இருந்தால் கழிவு தானாக மேலேறாது. மூடிய தொட்டி, பம்ப், கழிவு திரும்பி வராமல் தடுக்கும் வால்வு மூன்றும் வேண்டும். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. அப்படியான நாளில் வீதிக் குழாய் நிரம்பினால், வால்வு இல்லாதவரின் துணிப் பொதிகளுக்குள்தான் ஊர்க் கழிவு வந்து சேரும். பம்புக்கு மின்சாரமும் தேவை. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்தோம். ஜெனரேட்டரில் ஏசியை இணைப்பவர்கள் பம்பை மறந்துவிடுகிறார்கள்!

காற்றுக் குழாய் விடயத்தில்தான் எனக்கு அதிக கவலை. “அது வீண் செலவு” என்று சொல்லும் பாஸ்மார் பலர். குழாய் வளைவில் நிற்கும் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. காற்றுக் குழாய் இல்லாவிட்டால், தண்ணீர் அடிக்கும்போது ஏற்படும் உறிஞ்சலில் அந்தத் தண்ணீரும் இழுபட்டுப் போகும். ஜன்னல் இல்லாத தளத்தில் வாயு எங்கே போவது? ஆகவே மலசலகூடத்துக்கும் தொட்டிக்கும் காற்றுக் குழாய் வைத்து, அதைக் கூரைக்கு மேல்வரை கொண்டு செல்ல வேண்டும்.

பாவிக்காத தரை வடிகாலிலும் கிழமைக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். 2003இல் ஹொங்கொங் அமோய் கார்டன்ஸ் தொடர்மாடியில் 300க்கும் அதிகமானோருக்கு சார்ஸ் தொற்றியதற்கு, வரண்டுபோன தரை வடிகால்களும் ஒரு காரணமாகக் கருதப்பட்டது.

தரை மட்டத்தில் நாலடி இடம் கிடைத்தால், கடை சிறுத்தாலும் மலசலகூடத்தை அங்கேயே கட்டுங்கள் என்பேன். முடியாவிட்டால் மாநகர சபை அனுமதியோடு, தகுதியான பொறியியலாளரிடம் வரைபடம் எடுங்கள். நாலு அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலச் சாய்வு வையுங்கள். கொங்கிறீட் போடுமுன் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பார்த்து, அது போகும் வழியைப் படம் பிடித்து உறுதியோடு வையுங்கள். பிறகு எங்கே உடைப்பது என்று தேட வேண்டியிராது.