திட்டுக் கிராமங்களுக்கு நிவாரணம் போதாது

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் பெருமளவில் திறக்கப்படும்போதெல்லாம் ஒரே ஊர்ப் பெயர்கள்தான் செய்தியில் அடிபடுகின்றன. மயிலாடுதுறை மாவட்டத்தில் முதலைமேடுதிட்டு, நாதல்படுகை, வெள்ளமணல். எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்துத் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி. கொள்ளிடம் ஆற்றின் நடுவிலும் படுகையிலும் அமைந்த ஊர்கள் இவை. 2018இலும் 2022இலும் படகுகள் வந்தன, ஆடு மாடுகளோடு மக்கள் கரையேறினார்கள், முகாமில் சோறு போடப்பட்டது. நீர் வடிந்தபோது கத்தரியும் வெண்டையும் பூந்தோட்டங்களும் அழுகிக் கிடந்தன. இதை இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிட்டு நகர்கிறோம். அது பாதி உண்மைதான்.

கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வானது, சரிவு கூடியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணலால் மேடிட, தண்ணீரைக் கொள்ளிடமே இழுத்துக்கொள்ளத் தஞ்சைப் பாசனம் தடுமாறியது. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டி ஓட்டத்தைக் காவிரிக்குத் திருப்பினார். பாசனத்துக்குக் காவிரி, வெள்ளத்துக்குக் கொள்ளிடம் என்ற ஏற்பாடு அதில் உறுதிப்பட்டது. இன்றும் முக்கொம்பிலும் கல்லணையிலும் எந்தப் பக்கம் எவ்வளவு நீர் போக வேண்டும் என்பதை அதிகாரிகளே முடிவு செய்கிறார்கள். விநாடிக்கு 2 லட்சம் கன அடி நீரைக் காவிரியில் விட்டால் டெல்டாவின் நகரங்களும் வயல்களும் தாங்காது. ஆகவே வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் விடும் முடிவில் குறை காண முடியாது. ஆனால் தெரிந்தே எடுக்கும் முடிவால் ஒருவர் பயிர் அழிகிறது என்றால், அவருக்குச் சேர வேண்டியது இழப்பீடு. அதை நிவாரணம் என்று பெயர் மாற்றிக் கருணைத் தொகையாகக் கொடுப்பது நியாயமில்லை.

‘ஆற்றுக்குள் யார் குடியிருக்கச் சொன்னது?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்ரீரங்கமும் இதே இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள தீவுதான். அங்கே யாரும் இப்படிக் கேட்பதில்லை. (அந்தத் தீவு அகலமானது, கரைகள் வலுவானவை என்பது சரியே. ஆனால் கரையை வலுவாக்குவதும் யாரோ எடுத்த முடிவுதானே?) கோயிலும் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளும் உள்ள ஊருக்கு வரலாறு இருக்கிறது. வண்டலில் பூவும் காய்கறியும் விளைவித்துக் கரைச் சந்தைக்கு அனுப்பும் ஊரை, வாக்காளர் பட்டியலில் சேர்த்த பிறகும் ஆக்கிரமிப்பைப் போலப் பார்க்கிறோம். மேட்டு நிலத்தில் மனை கொடுத்து இடம் மாற்றலாம் என்பது கொஞ்சம் கனிவான யோசனை. விரும்புகிறவர்களுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனாலும் வீடுதான் கரையேறும். வயல் திட்டிலேயே இருக்கும், அடுத்த வெள்ளத்திலும் மூழ்கும்.

இழப்பீடு தந்தால் பொய்க்கணக்கு எழுதுவார்கள் என்ற அச்சத்துக்கு வழி இருக்கிறது. எந்த ஆண்டு, எந்தத் தெருவில், எந்த வயலில், எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பது அங்குள்ள பெரியவர்களுக்கு அத்துப்படி. அதைக் கேட்டு எழுதி, அணைகளின் நீர்த்திறப்புப் பதிவோடு ஒப்பிட்டு, கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒரு பதிவேடாக வைக்கட்டும். பருவம் தொடங்கும் முன்பே பயிர்வாரியான தொகையை அறிவிக்கட்டும். அதன் பிறகு முக்கொம்பில் மதகு தூக்கும் நாளிலேயே, கீழே யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கும் என்ற கணக்கும் மேசையில் இருக்கும்.