“பழகிப் போச்சு” என்பது தைரியமா?

வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போதெல்லாம் எமது கிழக்குக் கரையோர ஊர்களில் ஒரே வசனத்தைக் கேட்கிறேன்: “இதெல்லாம் எங்களுக்குப் பழகிப் போச்சு.” இதைத் தைரியம் என்று பலர் பாராட்டுகின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கல்முனை முதல் நிந்தவூர் வரையான ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயலும் நீர்நிலைகளும், இடையில் ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமான வீடுகள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2024 நவம்பர் இறுதியில், மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை வெள்ளம் அள்ளிச் சென்றது. அடுத்த ஆண்டே டித்வா புயல் நாடெங்கும் 600இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால், அது சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், மழையும் கடுமையாகும். கடல் மட்டம் உயர உயர, முகத்துவாரங்கள் வழியே வெள்ளம் வடிவதும் தாமதிக்கும்.

இவற்றையெல்லாம் கண்டவர்கள் ஏன் இப்படிப் பேசுகின்றனர்? நெருக்கடியை மனிதர் இரு வழிகளில் சமாளிப்பதாக உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் விளக்கினர். ஒன்று, பிரச்சினையை மாற்ற முயல்வது. மற்றையது, மாற்ற முடியாதெனத் தோன்றும்போது மனதை மட்டும் ஆற்றிக்கொள்வது. “பழகிப் போச்சு” இரண்டாவது வகை. கையில் செய்வதற்கு எதுவுமில்லாதவர்களின் ஆறுதல் அது. அதைக் குறை கூற முடியாது. ஆனால் எச்சரிக்கை வரும்போதும் வீட்டை விட்டு அசையாதிருக்கச் செய்வதும் அதுவே.

எனவே, பயமுறுத்தும் அறிவித்தல்கள் மட்டும் போதாது. வழி தெரியாதவரிடம் பயத்தைக் கூட்டினால் அவர் கண்ணை இன்னும் இறுக மூடிக்கொள்வார். செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் முதியவர்கள், கர்ப்பிணிகள், நடக்க இயலாதவர்களின் பட்டியல் பள்ளிவாசலில் இருக்கட்டும். யாரை யார், எந்த வாகனத்தில் அழைத்து வருவது என்பது மழைக்கு முன்பே தீர்மானமாகட்டும். அடையாள அட்டையும் காணி உறுதியும் பொலித்தீன் உறையில் தயாராகட்டும். வடிகான்கள் ஒக்டோபருக்கு முன் துப்புரவாகட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு வைப்பதே தவக்குல் என்று கற்ற சமூகம் நாம்.

வெள்ளம் வடிந்த பின் உலருணவுப் பொதியோடு மட்டும் போகாமல், “இரவில் தூக்கம் வருகிறதா?” என்றும் கேட்போம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகிய இலக்கங்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும். பயப்படுவது ஈமானின் குறைவல்ல. அதைச் சொல்ல இடமளிக்கும் ஊரே அடுத்த மழைக்குத் தயாராகும் ஊர்.