மறுக்கும் அதிகாரம் யாரிடம்?

போரோ நிலநடுக்கமோ புயலோ ஒரு நாட்டின் மருத்துவக் கட்டமைப்பை நிலைகுலையச் செய்யும்போது, உதவி வந்து சேராமையால் மட்டுமின்றி, வந்து குவியும் உதவியை நெறிப்படுத்தும் அதிகாரம் யாரிடமும் இல்லாமையாலும் மக்கள் துன்புறுகிறார்கள். இக்குறையைக் களையவே ஐ.நா. பொதுச்சபை 1991 டிசம்பரில் தனித் தீர்மானம் நிறைவேற்றி, அவசர நிவாரணத்துக்கான ஒருங்கிணைப்பாளர் பதவியை உருவாக்கியது. 2005இல் ‘கிளஸ்டர்’ முறை வந்தது. சுகாதாரம், குடிநீர், உறைவிடம் எனத் துறைதோறும் ஒரு முதன்மை அமைப்பைப் பொறுப்பாக்கி, அத்துறையில் இயங்கும் தொண்டு நிறுவனங்களை ஒரே மேசையில் அமரவைக்கும் இந்த ஏற்பாட்டில் சுகாதாரப் பொறுப்பு உலக சுகாதார நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அந்த மேசையின் தலைமையால் வேண்டுகோள் விடுக்க முடியுமே தவிர, ஆணையிட முடியாது. ஒரு குழுவையோ ஒரு சரக்குப் பெட்டியையோ ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பும் அதிகாரம் பாதிக்கப்பட்ட நாட்டின் சுகாதாரத் துறையிடம் உறுதியாக இருந்தாலன்றி, ஒருங்கிணைப்பு கூட்டக் குறிப்புகளோடு நின்றுவிடும்.

ஹைட்டி இதற்குக் கசப்பான சான்று. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் தலைநகர் போர்ட்டோபிரின்சின் சுகாதார அமைச்சகக் கட்டடமே இடிந்து விழுந்தது. அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான மருத்துவ அமைப்புகள் வந்திறங்கின. அவற்றின் கூட்டங்கள் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. முகாமுக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. கிரெயோலும் பிரெஞ்சும் பேசும் உள்ளூர் மருத்துவர்களும் அமைப்பினரும் முகாமின் வாயிலைக் கடப்பதற்கே சிரமப்பட்டனர். கை, கால் நீக்க அறுவைகளைச் செய்த சில குழுக்கள் முறையான குறிப்புகளையோ தொடர் சிகிச்சைக்கான ஏற்பாட்டையோ விட்டுச் செல்லாமல் நாடு திரும்பின. அவ்வாண்டு அக்டோபரில், ஐ.நா. அமைதிப் படை முகாம் ஒன்றின் கழிவுநீர் ஆற்றில் கலந்ததால் காலரா பரவி, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதற்கு ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் வருத்தம் தெரிவித்தது 2016 டிசம்பரில்தான்.

மருந்துகளின் கதையும் இதுவே. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்துகள் வந்து குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதவை, பல பெட்டிகளின் மேலுறை உள்ளூர்ச் செவிலியருக்குப் புரியாத மொழியில் இருந்தது, காலாவதியானவையும் கலந்திருந்தன. அதே பேரிடரில் நாகப்பட்டினச் சாலையோரங்களில் மலைபோல் கிடந்த பழைய துணிகளைத் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துணி கிடந்த இடத்திலேயே மட்கும், மருந்தை அப்படி விட முடியாது. அதைத் தரம் பிரிக்கவும், கிடங்கில் காக்கவும், பாதுகாப்பாக எரித்து அழிக்கவும், நோயாளிகளைக் கவனிக்க வேண்டிய ஊழியர்களின் நேரமும் பணமும் செலவாகின்றன. நன்கொடை மருந்துகள் வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீந்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே நெறிமுறை வகுத்திருந்தும், துறைமுகத்தில் அதைக் காட்டித் தடுக்கும் துணிவு திணறிக்கொண்டிருந்த உள்ளூர் அதிகாரிகளுக்கு வாய்க்கவில்லை.

மறுக்கும் அதிகாரம் கற்பனையன்று. ஹைட்டி அனுபவத்துக்குப் பின், வெளிநாட்டு மருத்துவக் குழுக்களை வெளிநோயாளி சிகிச்சை, உள்நோயாளி அறுவை சிகிச்சை, உயர்சிகிச்சை என மூன்று நிலைகளாக வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சத் தகுதி வரையறுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2013இல் கொண்டுவந்தது. தகுதியைக் காட்டிப் பதிவு செய்யாத குழுவை ஏற்க மறுக்க அரசுகளுக்கு இது பிடிமானம் தந்தது. 2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரைச் சிதைத்தபோது அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் முன்னின்று நடத்திய பணி கவனத்துக்குரியது. மார்ச் 27இல் காலரா அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 3இல், சிறு குப்பியிலிருந்து நேராக வாயில் ஊற்றிக்கொள்ளும் தடுப்பு மருந்து தரும் பணி தொடங்கி, சில நாள்களில் எட்டு லட்சம் பேருக்குமேல் சென்றடைந்தது. அங்கு 6,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டும் பலியானவர்கள் எட்டுப் பேர். 1994இல் ருவாண்டா அகதிகள் திரண்ட கோமா நகரில் முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றவை காலராவும் சீதபேதியும். தடுப்பு மருந்துக்கான உலகக் கையிருப்பு அன்று இல்லை என்பதும், வந்த கூட்டத்தின் அளவே வேறு என்பதும் உண்மை. ஆயினும் மருந்து கையில் இருந்தாலும் யார் எங்கே செல்வது என்பதை ஒருவர் தீர்மானிக்காமல் ஒரு வாரத்தில் எட்டு லட்சம் பேரை அடைய இயலாது.

தகவலிலும் இதே அதிகாரம் தேவை. நிவாரண முகாமின் ஒவ்வொரு மருத்துவமனையும் நீர்த்த வயிற்றுப்போக்கு எத்தனை பேருக்கு, காய்ச்சலோடு உடலில் தடிப்பு எத்தனை பேருக்கு, அவர்களுள் ஐந்து வயதுக்கு உட்பட்டவர் எத்தனை பேர் என்று ஒரு தாளில் கோடிட்டு அனுப்புகிறது. ஒரே ஒரு மருத்துவமனை அந்தத் தாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டாலும், தட்டம்மையின் முதல் நோயாளி கண்ணில் படாமல் நழுவிவிடக்கூடும். அறிக்கை தராத அமைப்புக்கு அனுமதி இல்லை என்ற விதி கடுமையானதாகத் தோன்றலாம், ஆனால் அது அவசியமானது.

அரசே போரில் ஒரு தரப்பாக இருந்தால் அதன் கையில் இந்த அதிகாரத்தைத் தரலாமா என்ற கேள்வி நியாயமானது. இலங்கையின் வன்னியிலிருந்து 2008 செப்டம்பரில் அரசின் உத்தரவுப்படி ஐ.நா. உள்ளிட்ட அமைப்புகள் வெளியேறிய பின்னும், அங்கேயே நின்று தற்காலிக மருத்துவமனைகளில் மக்களைக் காத்தவர்கள் அதே அரசின் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள். சிரியாவின் இட்லிப்பிலும் டமாஸ்கசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே மருத்துவர்கள் அமைத்த சுகாதார இயக்ககமே நெடுங்காலம் பணியை நடத்தியது. ஆகவே தலைநகர் பகைமை கொண்டிருக்கும் இடங்களில் அதிகாரம் இத்தகைய உள்ளூர்த் துறையினரிடம் இருக்க வேண்டும். அவர்களுக்குக் காப்பாக ஐ.நா. நிற்க வேண்டும்.

அதிகாரத்தோடு பணமும் செல்ல வேண்டும். நிவாரண நிதியில் 25 விழுக்காட்டை 2020க்குள் உள்நாட்டு அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாக வழங்குவதாக 2016இல் இஸ்தான்புல்லில் நன்கொடை நாடுகளும் பெரிய நிவாரண அமைப்புகளும் உறுதியளித்தன; அது நிறைவேறவில்லை. அடுத்த பேரிடருக்காகக் காத்திராமல், பாதிக்கப்பட்ட நாட்டின் சுகாதாரத் துறையிடம் பதிவு பெறாத எந்த மருத்துவக் குழுவுக்கும் தங்கள் நிதி கிடையாது என்ற நிபந்தனையை நன்கொடை நாடுகள் ஒப்பந்தங்களில் இப்போதே சேர்க்க வேண்டும். அத்துறையின் பதிவு அலுவலகத்துக்கான ஊழியர் ஊதியத்தையும் வாகனத்தையும் மொழிபெயர்ப்பாளரையும் அதே நிதியிலிருந்து முதல் வாரத்திலேயே அளிக்க வேண்டும்.