அளவுகோல் யார் கையில்?

என் அக்கா மகன் விடியக்காலை நாலரைக்கு எழுந்து ஏரிக்கரையில் ஓடுவான். பள்ளிக்கூட மைதானம் ஊர்த்தெருவுக்குள்ள இருக்கு. காலனிப் பையன் அங்க ஓடினா, "உனக்கு இங்க என்னடா வேலை?"ன்னு கேக்க ஆள் இருக்கு. அதனால ஏரிக்கரை. ஓடி முடிச்சு வேப்பமரக் கிளையில தொங்குவான். அதுதான் அவனுக்கு 'பீம்'. இப்படி இரண்டு வருசம். இணையவழித் தேர்வில் தேறினான். ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினான். பத்து பீம் எடுத்தான். அதன் பிறகு உயரம் அளந்தார்கள். 165. நம் பகுதிக்கு வேண்டியது 166.

"ஒரு சென்டி, மாமா" என்றான் வீட்டுக்கு வந்து. அப்புறம் இரண்டு நாள் யாரோடும் பேசல.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே, அளவுகோலுக்கு ஏது சாதி என்பார்கள். சரி தோழர்களே, அந்த அளவுகோலின் கதையைப் பேசுவோம்.

கம்பெனிக்காரன் காலத்து மதராஸ் படையில் பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பாலம் கட்டியதும் அகழி வெட்டியதும் அவர்கள் கைதான். மேற்கே மகர்கள். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் நின்றவர்களில் அவர்கள் உண்டு. பிறகு என்ன நடந்தது? 1885 முதல் 1893 வரை தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், 'போர்க்குல' வாதத்தைத் தூக்கிப் பிடித்தார். சில சாதிகள் பிறப்பிலேயே வீரர்களாம், மற்றவர்கள் ஆகாதாம். மனு சொன்னதை வெள்ளைக்காரன் இங்கிலீசில் சொன்னான். 1890களின் தொடக்கத்தில் மகர்களுக்குப் படைக்கதவு சாத்தப்பட்டது. மதராஸ் படையும் சுருக்கப்பட்டது.

சாத்தப்பட்டது வேலைக்கதவு மட்டுமல்ல, பள்ளிக்கூடக் கதவும்தான். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார், படைப்பள்ளியில் ஆசிரியர். அம்பேத்கர் 1891இல் பிறந்ததே மௌ பட்டாள முகாமில்தான். ஊர்ப் பள்ளி திண்ணையில்கூட ஏற்றாத காலத்தில் நம்மாளுக்குப் பட்டாளம் எழுத்தைக் கொடுத்தது. 1941இல் மகர் ரெஜிமெண்ட் அமைந்ததில் அம்பேத்கரின் முயற்சி உண்டு. 1943இல் அமைத்த சமார் ரெஜிமெண்டை 1946லேயே கலைத்துவிட்டார்கள். ஜாட், ராஜ்புத், டோக்ரா பெயர்களில் ரெஜிமெண்டுகள் இன்றும் இருக்கின்றன.

இப்போது அந்த ஒரு சென்டிமீட்டருக்கு வருவோம். படைவீரர், முன்னாள் படைவீரர், போரில் இறந்தவர் ஆகியோரின் மகன்களுக்கு உயரத்தில் 2 சென்டிமீட்டர் தளர்வு உண்டு. அது கூடாதென்று நான் சொல்லவில்லை. ஆனால் என் அக்கா மகனுக்கு அந்தத் தளர்வு இருந்திருந்தால் தேறியிருப்பான். அவன் அப்பன் பட்டாளத்தான் இல்ல, செங்கல் சூளைக்காரன். பூட்டனுக்குக் கதவைச் சாத்திவிட்டு, "உங்க வீட்டில் படைவீரர் உண்டா?" என்று கொள்ளுப்பேரனிடம் கேட்பது என்ன நியாயம்?

உயரம் எங்கிருந்து வருகிறது? வயிற்றிலிருந்து வருகிறது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தலித் குழந்தைகளில் அது 39. சூளையிலும் கரும்புக்காட்டிலும் கஞ்சி குடித்து வளர்ந்த எலும்பை அளந்து 'தகுதி இல்லை' என்றால், தகுதி இல்லாதது எலும்பா, நாடா?

அடுத்தது படிப்பு. பொதுப்பணிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 விழுக்காடு வேண்டும். அதாவது 500க்கு 225. எங்கள் தெருப் பையன் ஒருத்தன் 211 வாங்கிப் பாசானான். துப்பாக்கி அவனுக்குக் கிடையாது. 'டிரேட்ஸ்மேன்' இருக்கே, அதுக்குப் போ என்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பாருங்கள்: சமையல், துணி வெளுப்பது, முடி வெட்டுவது. எட்டாவதோடு நின்றவனுக்கு 'ஹவுஸ் கீப்பர்', 'மெஸ் கீப்பர்'. பெயர்தான் இங்கிலீசு, வேலை துடைப்பம். ஊரில் விட்டுவிட்டு ஓடி வந்த தொழில் முகாமில் சீருடை போட்டுக் காத்திருக்கிறது.

படையில் இடஒதுக்கீடு கிடையாது. ஆனால் ஆள்சேர்ப்புக்குச் சாதிச் சான்றிதழ் கொண்டு போக வேண்டும். 2022இல் இது சர்ச்சையானபோது, எப்போதும் உள்ள வழக்கம்தான் என்றது ராணுவம். ஒதுக்கீடு இல்லாத இடத்தில் சாதி எதற்கு? குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர்களை மட்டுமே எடுக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. அங்கேயும் உயரம், தோற்றம் என்றுதான் காரணம் சொன்னார்கள்.

"நம்மை அடிக்கிற அரசுக்கு நாம ஏன் துப்பாக்கி தூக்கணும்?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் சேரியில் முதல் மாடிவீடு யார் கட்டியது? ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றாமல் முதலில் நடந்தது யார்? பென்சன் வாங்கிய பட்டாளத்தார்தானே? ஆண்டையிடம் கூலிக்குக் கைநீட்ட வேண்டாதவனுக்குத்தான் முதுகு நிமிர்ந்தது. 2022இல் வந்த அக்னிபத் அந்தப் பென்சனையும் பிடுங்கியது. நாலு வருசம் கழித்து 25 விழுக்காட்டினரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்களாம். இவ்வளவு தடை தாண்டிப் போகிறவனுக்கும் நிரந்தரம் கிடையாது.

அதனால் கேட்கிறோம். படையில் ஒதுக்கீடு வேண்டும். தலித் இளைஞர்களுக்கும் உயரத்தில் தளர்வு வேண்டும். பென்சன் திரும்ப வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் எத்தனையில் என்.சி.சி. இருக்கிறது, எத்தனையில் மைதானம் இருக்கிறது? ஊர் ஊராகக் கணக்கெடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். காலனிக் குழந்தைகளை ஆறாம் வகுப்பிலிருந்தே நாமே அளப்போம். குறைந்தால் சத்துணவு முட்டை ஒழுங்காக வருகிறதா என்று போய்க் கேட்போம். 211 வாங்குகிற பையனை 225க்கு ஏற்ற ராத்திரிப் பள்ளி நடத்துவோம். பள்ளி மைதானம் அரசாங்கத்தோடது, எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்ல. பத்துப் பேராகப் போய் ஓடுவோம்.

என் அக்கா மகன் இப்பவும் ஓடுறான். பின்னால ஏழெட்டுப் பொடிசுகளும் ஓடுதுங்க. போன வாரத்திலிருந்து ஏரிக்கரையில இல்ல, மைதானத்துல.