கபீப் குதித்தது மட்டும்தானா நமக்குத் தெரியும்?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுசாக வாசித்துவிட்டு ஏசுங்கள்.

கஹவத்தை, பெல்மதுளை, இறக்குவானைப் பக்கத்து நம் பொடியன்மாரின் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருசக்கணக்காக ஒரே வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. கபீப் நூர்மகொமெதோவ் கூண்டு வேலிக்கு மேலால் பாய்ந்து வெளியே நின்றவன் மேல் விழுகிற அந்தச் சில செக்கன்கள். பின்னால் ஒரு நஷீத். மேலே "எங்கட சிங்கம்" என்று எழுத்து. பதினாறு வயசுப் பிள்ளை போட்டால் வயசு அப்படி என்று விடலாம். தாடி நரைத்தவர்களும் போடுகிறார்கள். போன கிழமை ஒரு ஊர்க் குழுமத்தில் ஹதீஸ் ஒன்றுக்கும் ஜனாஸா அறிவித்தல் ஒன்றுக்கும் நடுவில் இதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் சில செக்கன்கள் அந்த மனிதருடைய விளையாட்டு வாழ்க்கையிலேயே ஆக மட்டமான பகுதி. இதை நான் சொல்லவில்லை. அவரும் அவருடைய வாப்பாவும் சொன்னது.

2018 அக்டோபர் 6, லாஸ் வேகஸ். கொனர் மெக்கிரகர் மாதக்கணக்காக கபீபின் மார்க்கத்தையும் நாட்டையும் வாப்பாவையும் இழுத்துப் பேசியிருந்தார். அதற்கு முன் ஏப்ரலில் புரூக்ளினில் கபீப் இருந்த பஸ்ஸுக்குச் சாமான் தள்ளும் வண்டியைத் தூக்கி எறிந்தார். எல்லாவற்றுக்கும் பதில் கூண்டுக்குள்ளேயே கிடைத்தது. நாலாவது சுற்றில் கபீப் கழுத்தை இறுக்க, மெக்கிரகர் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். கதை அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பாய்ச்சல், அதுவும் மெக்கிரகர் மேல் அல்ல, வெளியே நின்ற அவருடைய கூட்டாளி ஒருவர் மேல்.

அந்த இரவே பத்திரிகையாளர் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். இது என்னுடைய நல்ல பக்கம் இல்லை என்றார். வாப்பா என்ன செய்வாரோ என்ற பயத்தையும் மறைக்கவில்லை. யூ.எப்.சி. கொடுப்பதைவிடக் கடுமையான தண்டனை என்னிடம் இருக்கிறது என்று வாப்பா வெளிப்படையாகவே சொன்னார். 2019 ஜனவரியில் நெவாடா விளையாட்டு ஆணைக்குழு ஐந்து லட்சம் டொலர் அபராதமும் ஒன்பது மாதத் தடையும் போட்டது. அவருக்காகக் கூண்டுக்குள் ஏறிச் சண்டை பிடித்த இரண்டு தோழர்களுக்கு ஒரு வருசத் தடை, ஆளுக்கு 25,000 டொலர் அபராதம். அந்த இரண்டு பேரின் பெயர் நம்மில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பின்னால் போனவன் ஒரு வருசம் வேலையில்லாமல் இருந்தான், முன்னால் போனவர் நம்முடைய ஸ்டேட்டஸில் இருக்கிறார். பெரிய ஆளுக்குப் பின்னால் ஓடுகிற பொடியன்மார் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த வீடியோ நம்மைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பொடியன்மாருக்கு மட்டும் ஏசுவது நியாயமில்லை. அந்த வருசம் மார்ச்சில்தான் திகனயில் நம் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது, பேஸ்புக்கை முடக்கினார்கள். அதற்கு முன் அளுத்கம. கடையை இருட்ட முதலே பூட்டிவிட்டு வீட்டுக்குள் இருந்த சமூகம் நாம். ஏழு மாதம் கழித்து, நம்மைப் போலத் தொப்பி போட்ட, தாடி வைத்த ஒருவர், வாயால் இழிவுபடுத்தினவனைக் கீழே போட்டு அமுக்கினதைப் பார்த்தோம். நெஞ்சு குளிரத்தான் செய்யும். அந்த நெஞ்சு குளிர்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது எட்டு வருசமாக ஒரு பொடியனுக்குக் கொடுக்கிற பாடம் என்ன? வாயால் ஒருவன் ஏதாவது சொன்னால் வேலி தாண்டிப் பாய வேண்டும் என்பது. லாஸ் வேகஸில் பாய்ந்தவருக்கு வக்கீல்கள் இருந்தார்கள். கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் நம் பிள்ளை ஒன்று அப்படிப் பாய்ந்தால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று 2019க்குப் பிறகு இந்த நாட்டில் வாழ்கிற எந்த உம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள்.

இனி ஸ்டேட்டஸில் வராத கதையைப் பார்ப்போம்.

கபீப் 1988இல் தாகெஸ்தானில் சில்தி என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். வாப்பா அப்துல்மனாப் சாம்போ, ஜூடோ படித்தவர், பயிற்றுநர். அவர் தன்னுடைய வீட்டின் கீழ்த்தளத்தையே பயிற்சிக் கூடமாக மாற்றினார். ஊர்ப் பிள்ளைகளும் அங்கே வந்தார்கள். மகன் எட்டு வயசில் மல்யுத்தம், பதினைந்தில் ஜூடோ, பதினேழில் சாம்போ என்று போனார். முதல் தொழில்முறைப் போட்டி 2008 செப்டம்பரில். ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பெரிய கெமராக்கள் எட்டிப் பார்க்காத சின்னச் சின்ன மேடைகளில் பதினாறு போட்டி வென்ற பிறகுதான் 2012 ஜனவரியில் யூ.எப்.சி.யில் கால் வைத்தார்.

2014 ஏப்ரலில் ரபாயெல் டொஸ் அஞ்சோஸ் என்ற பிரேசில்காரரை வென்றார். அதோடு முழங்கால் போய்விட்டது. சத்திரசிகிச்சை, ஓய்வு, திரும்பவும் காயம். இரண்டு வருசம் ஒரு போட்டியும் இல்லை. அந்த இடைவெளியில், 2015 மார்ச்சில், அவரிடம் தோற்ற அதே டொஸ் அஞ்சோஸ் உலக சாம்பியன் ஆனார். யோசித்துப் பாருங்கள். நீங்கள் தோற்கடித்தவன் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான், நீங்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறீர்கள். விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். 2016இல் திரும்பி வந்தார். 2017 மார்ச்சில் எடை குறைக்கப் போய் போட்டிக்கு முதல் நாள் வைத்தியசாலைக்குப் போக வேண்டி வந்தது, போட்டியே ரத்து. (தண்ணீர் குடிக்காமல் எடை குறைக்கும் "டிப்ஸ்" பார்க்கிற பிள்ளைகள் இந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கட்டும்.) பட்டி கைக்கு வந்தது 2018 ஏப்ரல் 7இல். முதல் போட்டியிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட பத்து வருசம், இருபத்தாறாவது வெற்றி.

கல்லுக் குழியில் வேலை செய்கிற நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இல்லம் கையில் படும் வரைக்கும் எத்தனை நாள் மண்ணையும் தண்ணீரையும் மட்டும் வெளியே இறைத்துக் கொட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மனிதர்களுடைய பிள்ளைகள்தான் போனில் கல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2020 ஜூலையில் அப்துல்மனாப் கொரோனாவுக்குப் பிந்திய சிக்கல்களால் மொஸ்கோவில் காலமானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அக்டோபரில் அபூதாபியில் மகன் ஜஸ்டின் கேத்ஜியை இரண்டாவது சுற்றில் வென்றார். கூண்டுக்குள்ளேயே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வாப்பா இல்லாமல் இனிச் சண்டை போடமாட்டேன் என்று உம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், இதுதான் கடைசி என்றார். 29 போட்டி, 29 வெற்றி, வயது 32. அதற்குப் பிறகும் எவ்வளவோ காசு பேசினார்கள். திரும்பி வரவில்லை. வாப்பாவின் இடத்தில் பயிற்றுநராக நின்றார். கூட வளர்ந்த இஸ்லாம் மகாசேவ் 2022 அக்டோபரில் அதே பட்டியை வென்றார். உம்மாவுக்குக் கொடுத்த வாக்கை ஸ்டேட்டஸில் போட்டவர் எத்தனை பேர்? நான் தேடினேன், கிடைக்கவில்லை.

வாப்பாமாரே, உங்களிடம்தான் நேரடியாகக் கேட்கிறேன். "எங்கட கபீப்" என்கிறீர்கள். உங்களுடைய மகன் எந்த விளையாட்டில் எந்த இடத்தில் நிற்கிறான் என்று தெரியுமா? அவனுடைய போட்டி ஒன்றுக்கு ஒரு தரமாவது வந்து வேலி ஓரம் நின்றிருக்கிறீர்களா? பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு உம்மாமார் வருவார்கள், நானாமார் வருவார்கள். வாப்பா கல் வியாபாரத்தில், அல்லது கடையில், அல்லது கட்டாரில். கட்டாரில் இருப்பவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடை ஐந்து நிமிச நடை தூரத்தில் இருப்பவரைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. பத்தாம் ஆண்டில் ஒருவன் என்னிடம், "சேர், கபீப் ஓ.எல். செஞ்சாரா?" என்று கேட்டான். கேள்வியில் இருந்த நோக்கம் உங்களுக்கு விளங்கும். அவனுக்கு நான் சொன்னது அன்சுல் ஜுப்லியின் கதை. இந்தியாவில் உத்தரகண்ட் மலைப் பக்கத்துப் பையன். அவ்வளவு பெரிய நாட்டிலிருந்து யூ.எப்.சி.க்குப் போன மிகச் சிலரில் ஒருவர். 2023 பெப்ரவரியில் ஆசியத் தெரிவுப் போட்டித் தொடரின் இறுதியில் வென்று உள்ளே போனார். அதே வருச அக்டோபரில் அபூதாபியில் மூன்றாவது சுற்றில் வீழ்ந்தார். 2025 பெப்ரவரியில் சிட்னியில் 19 செக்கனில் வீழ்ந்தார். அவரைக் கேலி பண்ணச் சொல்லவில்லை, அந்த இடத்துக்குப் போனதே பெரிய விஷயம். நன்றாகப் பயிற்சி எடுத்தவனுக்கே 19 செக்கன் என்றால், யூடியூபில் பார்த்துவிட்டு ஓ.எல்.லை விடுகிறவனுக்கு என்ன இருக்கிறது? அவன் பதில் சொல்லவில்லை. வகுப்புக்கு மட்டும் ஒழுங்காக வருகிறான், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது அடுத்த பக்கத்துக்கு வருகிறேன். "சேர், இதெல்லாம் ஹராம், அடிதடி, பிள்ளைகளிடம் பேசவே கூடாது" என்று கொமண்டில் வரப்போகிறவர்களுக்கு. முகத்தில் அடிப்பதைத் தடுக்கும் ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கபீபின் விளையாட்டில் முகத்தில்தான் அடிக்கிறார்கள். அதைப் பற்றி உலமாக்கள் பேசட்டும், நான் முப்தி இல்லை. ஆனால் கபீபை வெல்ல வைத்தது குத்து இல்லை, பிடி. மல்யுத்தத்திலும் ஜூடோவிலும் முகத்தில் அடி கிடையாது. நபி (ஸல்) அவர்கள் ருகானாவுடன் மல்யுத்தம் செய்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று சொல்லப்பட்டிருப்பதும் தெரியும். எப்படிப் பார்த்தாலும், மெத்தையில் புரள்வதை ஹராம் என்று விரட்டிவிட்டு, அந்தப் பிள்ளை இரவு இரண்டு மணிவரை போனில் இரத்தம் பார்ப்பதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது எந்த மார்க்கம்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் மல்யுத்தமும் ஜூடோவும் இருக்கின்றன. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற நம் நாட்டு நெத்மி அஹின்சாவுக்கு அப்போது 18 வயசு. பெண் பிள்ளை. நம் பக்கத்தில் கிழமையில் மூன்று நாள் அஸருக்குப் பிறகு ஒரு மண்டபம் திறந்தால் போதும். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் திறக்கிற மண்டபங்கள்தானே, மற்ற நாளெல்லாம் பூட்டுத் தொங்குகிறது. மெத்தை வேண்டும். முறையாகப் பதிவுள்ள பயிற்றுநர் வேண்டும், சிங்களவராக இருந்தால் இன்னும் நல்லது. வலயக் கல்விப் பணிமனைக்குத் தெரிந்து நடக்க வேண்டும். கதவு திறந்தே இருக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளும் டவுன் சிங்களப் பிள்ளைகளும் வர வேண்டும். லயத்தில் தாத்தாமாரிடம் சிலம்பம் பழகின பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுடைய காலடி நம் பொடியன்மாருடையதைவிடச் சுத்தமானது. கதவைச் சாத்திக்கொண்டு நம் பிள்ளைகளை மட்டும் வைத்துப் பழக்கினால் நாளைக்கு என்ன கதை கட்டுவார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. சாத்தாமல் செய்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒரே மெத்தையில் விழுந்து எழும்பின பிள்ளை பஸ் ஸ்டாண்டில் பாயமாட்டான் என்பது என் நம்பிக்கை.

இரத்தினபுரி, பலாங்கொடைப் பக்கத்தில் மல்யுத்தமோ ஜூடோவோ சொல்லிக் கொடுக்கிற பயிற்றுநர் யாரையாவது தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். மண்டபம் உள்ளவர்களும் வாருங்கள். மெத்தைக்குக் காசு தருவதாக இரண்டு பேர் இப்போதே சொல்லியிருக்கிறார்கள். மாதம் எத்தனை நாள் வந்து பக்கத்தில் உட்காருவீர்கள் என்று சொல்லக்கூடிய வாப்பாமார் மட்டும் கீழே கொமண்டில் பெயரைப் போடுங்கள். அந்த வீடியோவைத் தயவுசெய்து இங்கே போட வேண்டாம், அழித்துவிடுவேன்.