ஒற்றை எழுத்து லென்ஸ்

இந்த வாரம் என் பொறுமையைச் சோதித்தது ஒரு விளம்பரம். புதிதாக வெளிவந்திருக்கும் லென்ஸ் ஒன்று, படத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒரே கூர்மையைத் தருமென்றும், தோஷமென்று சொல்லத்தக்கது அதில் யாதொன்றும் இல்லையென்றும், அதை வாங்காதவர் படமெடுக்கும் யோக்கியதையையே இழந்தவரென்றும் தொனிக்க, முழுப் பக்கத்தை அடைத்துக்கொண்டு பிரசுரமாகியிருந்தது. கூர்மையைப் பற்றி ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்பது இப்பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் அறிந்ததே. செங்கற்சுவரைப் படமெடுத்து, அதன் காரைக்கோடுகளைப் பெரிதாக்கிப் பரிசோதித்து, அதைக்கொண்டு லென்ஸுக்கு மதிப்பெண் இடுகிற கூட்டத்தாரைக் குறித்து முன்பு எழுதியதற்கு வந்த வசைக் கடிதங்கள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவர்களுடைய ஆல்பங்களில் சுவர்கள் இருக்கும். ஓர் அத்தையோ, பேரனோ, பூனையோ மருந்துக்குக்கூட இராது.

அந்த விளம்பரத்தை வரிக்கு வரி கண்டிப்பதென்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் என் காமிராவில் இப்போது மாட்டியிருப்பது ஹீலியோஸ் 44-2 என்ற 58 மி.மீ. ருஷ்ய லென்ஸ், தோஷங்களை அது ஒளிப்பதே இல்லை. துவாரத்தை எஃப் 2 வரை முழுதும் திறந்து, மரத்தடியில் நிற்பவரைப் படமெடுத்தால், இலைகளுக்கிடையே கசியும் ஒளிப்பொட்டுகள் ஓரங்களில் வெட்டுண்டு வாதுமை வடிவாகி, அந்த முகத்தைப் பிரதட்சிணம் செய்யக் கிளம்பிவிட்டாற்போல் சுழலும். கணிதப்படி இது குற்றம். இக்குற்றத்துக்காகவே அதைத் தேடி அலைபவர்கள் இன்று எத்தனையோ பேர்.

பிலிம் காலத்து லென்ஸ் டிஜிட்டல் உடம்பில் குடியேறுவதன் சூட்சுமம் மிக எளியது. 42 மி.மீ. திருகுமரை கொண்ட இவ்வகை லென்ஸ்கள், அமரும் இடத்திலிருந்து 45.46 மி.மீ. பின்னால் பிலிம் இருக்குமென்று நம்பிப் பிறந்தவை. உள்ளே கண்ணாடி எழுந்து தாழும் வேலையற்ற இக்காலத்து மிரர்லெஸ் காமிராக்களில், சோனியைச் சொன்னால், அத்தூரம் 18 மி.மீ. மாத்திரமே, மிச்சத்தை இட்டு நிரப்பும் வெற்றுக் குழலுக்குத்தான் அடாப்டர் என்று பெயர். நிக்கானின் பழைய எஃப் வகைக் காமிராவிலோ அத்தூரம் 46.5 மி.மீ. ஆகையால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மிகுந்த பாவத்துக்குத் தூரத்து மலை தெளியாமலே போகும். மற்றபடி, லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கலாமென்று மெனுவில் ஓர் அனுமதி தந்துவிட்டு, ஃபோகஸை விரலால் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ருஷ்ய லென்ஸின் பூர்வோத்தரம் ருஷ்யாவில் இல்லை. எக்ஸாக்டா காமிராவுக்காக 1936-ல் ஜெர்மனியின் யேனா நகரத்துக் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே கணக்கிட்ட பயோடார் என்ற லென்ஸே இதன் மூலம். 1945-ல் யேனாவுக்கு முதலில் வந்தவர்கள் அமெரிக்கர்கள். உடன்படிக்கைப்படி அப்பிரதேசத்தை ஸோவியத் சேனையிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுகையில், ஸைஸின் முக்கியமான நிபுணர்களைத் தங்களுடன் மேற்கே அழைத்துப் போனார்கள். அவர்களைக் கொண்டே ஓபர்கோக்கனில் இன்னொரு ஸைஸ் எழுந்தது. எஞ்சியிருந்தவர்களில் பலரை 1946 அக்டோபரில் ஸோவியத்தார் கிழக்கே கொண்டுசென்றதுடன், ஆலையின் யந்திரங்களில் பெரும்பகுதியையும் யுத்த நஷ்டஈடாகக் கழற்றி ஏற்றினார்கள். மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் பயோடாரின் வமிசம் ஹீலியோஸ் என்ற நாமகரணத்தோடு தழைத்து, ஸெனித் காமிராக்களின் முகத்தில் அமர்ந்து, லட்சக்கணக்கான குடும்பங்களின் கல்யாணங்களையும் பிறந்தநாட்களையும் பார்த்தது.

யேனாவோ அத்தோடு மடிந்துவிடவில்லை. மீந்ததைக் கொண்டு மறுபடி லென்ஸ் செய்யத் தொடங்கியது. அப்போதுதான் இரு ஸைஸுக்கும் பெயர்ப் பாத்தியதைச் சண்டை மூண்டு, தேசந்தேசமாக நீதிமன்றம் ஏறியது. அதன் விளைவாக, மேல்நாடுகளுக்கு ஏற்றுமதியான யேனா லென்ஸ்கள் பலவற்றின் நெற்றியில் டெஸ்ஸார் என்பதற்குப் பதில் 'டி' என்றும், பயோடாருக்குப் பதில் 'பி' என்றும் ஒற்றை எழுத்தே பொறிக்கப்பட்டது. 1991-ல் இரு நிறுவனங்களும் ஒன்றாகிவிட்டன. ஆனால் ஒற்றை எழுத்து லென்ஸ்கள் இன்றும் பழைய சாமான் கடைகளில் அகப்படுவதுண்டு. 'கம்பெனிப் பேர்கூட இல்லாத சரக்கு சார்' என்று கடைக்காரர் தாமாகவே விலையைக் குறைத்தால், அவருக்குச் சரித்திரம் போதிக்க முற்படாமல், உள்ளே பூஞ்சை இருக்கிறதாவென்று வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவது உத்தமம்.