டிம்மரும் பல்பும் பொருந்த வேண்டும்: வயர்மேன்களின் கோரிக்கைச் சாசனம்

எல்இடி பல்பு, டிம்மர் தயாரிப்பாளர்களுக்கும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும், எலக்ட்ரிகல் கடைக்காரர்களுக்கும்:

குண்டு பல்பு காலத்தில் எந்த டிம்மரிலும் எந்தப் பல்பையும் மாட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினோம். ஒரு டிம்மரில் 60 வாட் பல்பு நான்கு எரிந்தால் 240 வாட். அதே இடத்தில் 9 வாட் எல்இடி நான்கு மாட்டினால் வெறும் 36 வாட்தான். டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் அணையாமல் நிற்க அந்த மின்னோட்டம் பல நேரம் போதுவதில்லை. குமிழைப் பாதிக்குக் கீழே திருப்பியதும் விளக்கு துடிக்கிறது, டிம்மர் ரீங்கரிக்கிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் பட்டென்று அணைந்துவிடுகிறது. வீட்டுக்காரர் வயரிங்கைக் குறை சொல்கிறார். பொருந்தாத இரண்டு பொருள்களை, பொருந்தாது என்று சொல்லாமல் விற்றவர்களை யாரும் கேட்பதில்லை.

நாங்கள் கேட்கிறோம்.

1. டிம்மரில் போடலாமா, கூடாதா என்பதைப் பல்புப் பெட்டியின் முன்பக்கத்தில் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

2. டிம்மர் மேல் ‘400 வாட்’ என்று மட்டும் போடுவது குண்டு பல்புக் கணக்கு. எல்இடிக்குக் குறைந்தது எத்தனை வாட், அதிகபட்சம் எத்தனை வாட் என்று தனியே எழுதுங்கள். குறைந்த அளவு தெரியாமல் நாங்கள் எதை நம்பி மாட்டுவது? மின்னலையின் முன்பகுதியை வெட்டும் லீடிங் எட்ஜா, பின்பகுதியை வெட்டும் டிரெய்லிங் எட்ஜா என்பதும் வேண்டும். பெரும்பாலான எல்இடிகளுக்குப் பின்னதே ஒத்துப்போகிறது, இரைச்சலும் குறைவு.

3. குறிப்பிட்ட டிம்மர்களோடு மட்டுமே பொருந்தும் பல்பு என்றால் அதைப் பெட்டியில் எச்சரித்து, பொருந்தும் டிம்மர்களின் பட்டியலை இணையதளத்தில் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கும் அதைக் கட்டாயமாக்குங்கள். மாடல் பெயரை மாற்றாமல் உள்ளே எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட்டை மட்டும் மாற்றும் கம்பெனி, அன்றே பட்டியலையும் திருத்த வேண்டும்.

4. டிம் ஆகும் என்று எழுதும் பல்பை டிம்மரோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். அதுவும் முழு வெளிச்சத்தில் அல்ல, குமிழின் கடைசி முனையில்.

5. ஃபேன் ரெகுலேட்டரை விளக்குக்கும் ஆகும் என்று சொல்லி விற்காதீர்கள்.

6. கடையில் ஒரு டிம்மர் போர்டு வையுங்கள். வாங்குபவர் தன் கையால் திருப்பிப் பார்க்கட்டும். பொருந்தாத பல்பு திரும்பி வந்தால், பெட்டி கிழிந்திருக்கிறது என்று காரணம் சொல்லாமல் மாற்றிக் கொடுங்கள்; அந்த நட்டத்தைக் கம்பெனி கடைக்காரருக்கு ஈடுகட்ட வேண்டும்.